மைமல் நேரத்துச் சொற்கள்



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுமையைக் காண்கிறேன். பிள்ளை சாப்பிடுகிறாள் இல்லை, படிப்பில் கவனம் இல்லை என்று எழுதி வந்த தாய்மார் சிலர், இப்போது பிள்ளை எழுதிய கதையையும் உறைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். கொப்பித் தாளில் இரு பக்கமும் நெருக்கி எழுதிய கதைகள். கடந்த நான்கு மாதங்களில் பதினொரு கதைகள் வந்தன. அவற்றில் எட்டு, மாயக் கதைகள். மந்திரக் கோல், பேசும் மிருகம், இருட்டு இராச்சியம், உலகத்தைக் காப்பாற்றப் புறப்படும் ஒரு சிறுமி.

இதைக் கண்டு சில தாய்மாருக்குக் கவலை. “நடக்காத விடயங்களையே எழுதிக் கொண்டிருக்கிறாள், இதை எப்படி நிறுத்துவது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிறுத்தவே வேண்டாம் சகோதரி. ஒரு பிள்ளை தானாக விரும்பித் தமிழில் எட்டுப் பக்கம் எழுதுகிறாள் என்றால் அதற்கு மேல் நாம் என்ன கேட்பது? எனது கவலை வேறு. அந்த எட்டுக் கதைகளிலும் வரும் சொற்களைப் பற்றியது. டிராகன், விட்ச், மொன்ஸ்ரர், போர்ட்டல், ஸ்பெல், டார்க் லோர்ட். தமிழில் மிஞ்சியிருப்பவை வினைச் சொற்கள் மட்டுமே. வந்தது, போனது, பார்த்தது, செத்தது.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், எமக்கு மேல் மாடியில் இருக்கும் பிள்ளை ஒருத்தி தரம் 9 இல் படிக்கிறாள். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கில மொழிமூலம். தமிழ் ஒரு பாடம் மட்டும். அவளும் ஒரு மாயக் கதை எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். சூனியக்காரி என்று எழுதாமல் விட்ச் என்று ஏன் எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். “அன்ரி, சூனியக்காரி எண்டு எழுதினா சிரிப்பு வரும். விட்ச் எண்டாத்தான் பயமாயிருக்கும்” என்றாள்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை சூனியக்காரி என்பது தொலைக்காட்சியில் தமிழ்க் குரல் கொடுத்த கார்ட்டூனில் கீச்சுக் குரலில் சிரிக்கும் ஒரு கிழவி. அந்தச் சொல்லை யாரும் அவளிடம் குரலைத் தாழ்த்தி, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னதில்லை. சொல்லில் இருக்கும் பயம், அதைச் சொன்னவரின் முகத்திலிருந்து வருகிறது.

ஆங்கிலத்தில் மாயக் கதை எழுதுகிறவர்கள் சொற்களை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ கதையை எமது பிள்ளைகள் படமாகப் பார்த்திருக்கிறார்கள். அதை எழுதிய டோல்கீன், 1919, 1920 ஆம் ஆண்டுகளில் ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிக்காக வேலை செய்தவர். ஆங்கில எழுத்து ‘டபிள்யூ’வில் தொடங்கும் சொற்கள் சிலவற்றுக்கு வரலாறு தேடிக் கொடுப்பது அவருடைய பொறுப்பு. பின்னர் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் படிப்பித்தார். அவருடைய கதையில் வரும் கொடிய ‘ஓர்க்’ கூட்டமும், நடக்கும் மரங்களான ‘என்ட்’களும் பழைய ஆங்கில ஏடுகளில் கிடந்த பெயர்கள். ஹாரி பொட்டர் கதையில் வரும் டம்பிள்டோர் என்ற முதியவரின் பெயருக்குப் பொருள் என்ன தெரியுமா? ரீங்காரமிடும் பெரிய வண்டு. ஆங்கிலத்தில் வழங்கிய ஒரு பழைய சொல் அது. அங்கும் பாட்டிமாரின் சொற்பெட்டியைத் திறந்துதான் எடுத்திருக்கிறார்கள். எமது பிள்ளைகளோ அவர்களுடைய பாட்டியின் பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள். எமது பெட்டி மூடியே இருக்கிறது.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நடக்கும் பகுதியில் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்கள் சொல்லப்படுகின்றன. மாயக் கதை எழுதுகிற எந்தப் பிள்ளைக்கும் அந்த ஒரு பக்கமே போதும். வெள்ளிடை மன்றத்தில் பொதிகள் காவலின்றிக் கிடக்கும். திருட நினைத்துத் தூக்கியவன் அதைச் சுமந்தபடி கழுத்து நோகச் சுற்றிக்கொண்டே இருப்பான், இறக்கி வைக்க முடியாது. இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் குளித்தால் கூன் நிமிரும், செவிடருக்குக் காது கேட்கும். ஒளிவிடும் நெடுங்கல் ஒன்று நிற்கும் மன்றத்தை வலம் வந்தால் நஞ்சுண்டவர் பிழைப்பர். நாற்சந்தியில் சதுக்கப் பூதம் நிற்கும். பொய்ச்சாட்சி சொல்பவரையும் வஞ்சகரையும் பாசக் கயிற்றால் கட்டி உண்ணப் போவதாக நான்கு காதம் கேட்கக் கத்தும். ஐந்தாவது, பாவை மன்றம். அங்கே ஒரு பதுமை. அரசன் நீதி தவறினால் அது வாய் திறந்து ஒன்றும் சொல்லாது, அழும்.

பாவை மன்றம் என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். எத்தனை ‘டார்க் லோர்ட்’ வந்தாலும் அதற்கு ஈடாகுமா? பேச முடியாமல் கண்ணீர் மட்டும் விடுகிற ஒரு பெண்ணுருவம், ஒரு நகரத்தின் நீதிக்கு அளவுகோலாக நிற்கிறது.

மணிமேகலையில் இன்னும் நெருக்கமான விடயங்கள் உண்டு. நித்திரையில் இருந்த மணிமேகலையைக் கடல் தெய்வம் தூக்கிச் சென்று வைத்த மணிபல்லவம், எமது நயினாதீவுதான் என்று கருதுவோர் பலர். அங்கே கோமுகி என்ற பொய்கை. வருடத்தில் ஒருநாள், வைகாசி முழுநிலவில், அதிலிருந்து அமுதசுரபி மேலே வரும். வேற்றுருக் கொள்ள ஒரு மந்திரம், வான்வழி செல்ல ஒரு மந்திரம், பசியைத் தாங்க ஒரு மந்திரம். எமது கதாநாயகி பெறுகிற சக்திகளில் மூன்றாவது பசியைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலக் கதைகளில் இப்படி ஒரு மந்திரம் எனக்குத் தட்டுப்படவில்லை.

அதே காப்பியத்தில் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண் வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பழுக்கும் நாவற் கனியை அவள் மிதித்து விடுகிறாள். அதற்காகவே நோன்பிருந்த முனிவர் சபிக்கிறார். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி அவளைப் பிடிக்கிறது. அந்த நோயின் பெயர் யானைத்தீ.

கொட்டாஞ்சேனையில் நாம் சில பெண்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கூடி வாசிப்பது வழக்கம். ஒருமுறை இந்தப் பகுதியை வாசித்தபோது, எப்போதும் பின்வரிசையில் பேசாமல் இருக்கும் சகோதரி ஒருவர், 2009 இல் வன்னியிலிருந்து பிள்ளைகளோடு வெளியேறி வந்தவர், அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. மாயக் கதைச் சொல் என்றால் விளையாட்டுச் சொல் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்பினேன்.

இனிப் பேய்களுக்கு வருவோம். நிகண்டுகளில் பேய்க்குப் பெயர்கள் வரிசையாகக் கிடக்கின்றன: அலகை, கழுது, கூளி, குணங்கு, வேதாளம். பண்டிதர்கள் இவற்றைப் பொருள் ஒன்று, பெயர் பல என்று மனனம் செய்ய வைத்தார்கள். ஆனால் கதை எழுதுகிறவருக்கு இவை ஒன்றல்ல. கழுது நடுச்சாமத்தில் உலாவுவது. சங்கப் பாட்டுகளில் ஊர் உறங்கிய பின்னர்தான் அது வரும். கூளி குள்ளமானது, கூட்டமாகத் திரிவது; கலிங்கத்துப்பரணியில் காளியைச் சுற்றிப் பசியோடு கிடக்கும் கூட்டம் அது. அலகை, திருக்குறளில் வரும் சொல். உலகம் உண்டென்பதை இல்லையென்று சொல்பவனை அலகையாக வைத்துப் பார்ப்பார்கள் என்கிறார் வள்ளுவர். ஆகவே ஒரு கதையில் மறுத்துப் பேசுகிற, வாதம் செய்கிற பேய்க்கு அலகை என்று பெயர் வைக்கலாம். இடாகினி வேறு. சிலப்பதிகாரத்தில், இறந்த குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் மாலதியிடமிருந்து அந்தப் பிணத்தைப் பறித்துக் கொண்டு போவது இடாகினிப் பேய். அந்தப் பெயரை நகைச்சுவைப் பேய்க்கு வைக்க எனக்கு மனம் வராது.

அணங்கு என்ற சொல்லைப் பேய் என்று மொழிபெயர்த்தாலும் தவறு, தேவதை என்றாலும் தவறு. மலையிலும் சுனையிலும் குடியிருந்து, அண்டியவரை வருத்தும் ஒரு சக்தி. அழகு அதிகமாகி அச்சம் தருவதும் அணங்குதான். திருக்குறளின் 109 ஆம் அதிகாரத்துக்கு இந்தச் சொல்லை வைத்தே தகையணங்குறுத்தல் என்று பெயர். சூர் என்றால் அச்சம். அச்சம் தரும் தெய்வமும் அதுவே. மலைச் சாரலில் ஆடும் சூரரமகளிர் திருமுருகாற்றுப்படையில் வருகிறார்கள். இவர்கள் இருக்கும்போது ‘ஃபெயரி’ எதற்கு?

விலங்கு, பறவைகளும் உண்டு. யாளியை எல்லோருக்கும் தெரியும். சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாகக் கோயில் தூண்களில் நிற்பது. கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போகும்போது, தூண்களில் யாளி இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். அசுணமாவைப் பலருக்குத் தெரியாது. இனிய இசையில் மயங்குகிற உயிர் அது. வேட்டைக்காரர் யாழ் வாசிப்பார்கள். அது மறைவிடத்திலிருந்து வெளியே வந்து தன்னை மறந்து கேட்டு நிற்கும். உடனே பறையை அடிப்பார்கள். அந்த ஓசை தாங்காமல் உயிர் விட்டுவிடும். எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் கோபம் வரும், அந்த வேட்டைக்காரர் மேல். நல்லதைக் கொடுத்து வெளியே வரவழைத்து அடிப்பது எவ்வளவு பெரிய வஞ்சகம்! கதைக்கு இதைவிட நல்ல கொடியவன் கிடைப்பானா? அன்றில், பனையில் வாழும் இணைப்பறவை. துணை பிரிந்தால் வாழாது. மகன்றில் என்ற நீர்ப்பறவைக்குத் தனக்கும் துணைக்கும் இடையில் ஒரு பூ வந்துவிட்டாலும் ஓராண்டு பிரிந்தது போல இருக்குமாம்.

டிராகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது உண்மையிலேயே சீனத்து அல்லது ஐரோப்பிய டிராகன் என்றால் டிராகன் என்றே எழுதட்டும். அதற்கு வலிந்து ஒரு தமிழ்ப் பெயர் கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் எமது ஊர்களிலும் பறக்கும் பாம்பு உண்டு. யாரையும் தீண்டாமல் நெடுங்காலம் வாழ்ந்த நாகத்தின் நஞ்சு இறுகி மாணிக்கமாகும், அதன் உடல் குறுகிக் குறுகிக் கடைசியில் பறக்கும் என்பது முதியவர்களின் நம்பிக்கை. இரவில் அந்த மாணிக்கத்தை உமிழ்ந்து வைத்து அதன் வெளிச்சத்தில் இரை தேடுமாம். நெருப்புக் கக்குகிற டிராகனை விட, கோபத்தை அடக்கியதால் பறக்கிற பாம்பு எவ்வளவு வித்தியாசமான பிராணி!

இவை ஏடுகளில் உள்ளவை. வீட்டில் உள்ளவை இன்னும் பெறுமதி வாய்ந்தவை, ஏனென்றால் அவற்றை எந்த நூலகத்திலும் போய் எடுக்க முடியாது. மேல்மாடிப் பிள்ளையின் அம்மம்மா வடமராட்சியைச் சேர்ந்தவர். கொழும்புக்கு வந்து பல வருடமாகியும் காலி வீதியைத் தனியே கடக்கப் பயப்படுவார். பேத்தியும் அவரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். பேத்தியின் காதில் எந்நேரமும் ‘இயர்போன்’. ஒருநாள் மின்சாரம் தடைப்பட்ட மாலையில் மூவரும் பல்கணியில் இருந்தபோது, அந்த நேரத்துக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “மைமல்” என்றார். “மைமலுக்கை கிணத்தடிக்குப் போகாதை பிள்ளை, முனி அடிச்சுப்போடும் எண்டு எங்கட ஆச்சி சொல்லுவா.”

பேத்தி காதில் இருந்ததைக் கழற்றினாள். “முனி எண்டா ஆர் அம்மம்மா?”

அதன் பிறகு ஒரு மணித்தியாலம் அம்மம்மாவை நிறுத்த முடியவில்லை. கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி, நாவூறு, கழிப்புக் கழித்தல், பார்வை பார்த்தல், மை போட்டுப் பார்த்தல். தோட்டத்தில் நிற்கும் வெருளியைப் பற்றிச் சொன்னபோது பிள்ளை துள்ளினாள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘கத்தரி வெருளி’ பாட்டு அவளுக்குச் சிறு வகுப்பிலேயே தெரியும், ஆனால் வெருளி என்ற சொல்லை யாரும் வீட்டில் பேசுவார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வெருட்டுவது வெருளி. இரவில் தோட்டத்தை விட்டு இறங்கி நடக்கும் ஒரு வெருளியை நினைத்துப் பாருங்கள். ‘மொன்ஸ்ரர்’ தானாகவே ஓடிவிடும்.

கொத்தியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அம்மம்மாவின் குரல் தாழ்ந்தது. பிள்ளைப்பேற்று அறையைச் சுற்றி வரும், தாயையும் சேயையும் தேடும் பேய் என்று யாழ்ப்பாணத்துப் பெண்கள் பயந்த பேய் அது. அம்மம்மாவின் தாய்க்குத் தங்கை ஒருவர் முதற் பிரசவத்தில் இறந்து போனாராம். அதைக் ‘கொத்தி கொண்டு போனது’ என்றுதான் வீட்டில் சொன்னார்கள். இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளில் நடக்கின்றன. கொத்திக்கு வேலை இல்லாமற் போய்விட்டது. போனது நல்லது. ஆனால் அந்தச் சொல்லும் போய்விட்டால், மருத்துவிச்சி மட்டும் துணையாக இருட்டறையில் கிடந்த பெண்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை எமது பேத்திமார் எப்படி அறிவார்கள்? பேயை நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயம் உண்மையானது, அதற்கு ஒரு பெயர் இருந்தது.

பேய்ப் பெயர்கள் எல்லாம் பழையவை என்றும் எண்ண வேண்டாம். கொட்டாஞ்சேனைக் கூட்டத்துக்கு வரும் மலையகத்துப் பாட்டி ஒருவர் ரோதமுனியைப் பற்றிச் சொன்னார். ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கேயரிடமிருந்து இந்நாட்டுக்கு வந்த சொல். தேயிலைத் தொழிற்சாலையில் சுழலும் பெரிய சக்கரத்துக்கு ஒரு முனி உண்டு, அவரைக் கும்பிட்டுவிட்டே வேலை தொடங்குவார்கள். கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச் சாமி, கொழுந்துக்குக் கொழுந்துச் சாமி. கடல் கடந்து வந்து, காணாத இயந்திரத்தின் முன்னே நின்ற மக்கள், வெள்ளைக்காரத் துரை தராத ஒரு பாதுகாப்பைத் தாமே சொல்லாக உருவாக்கிக் கொண்டார்கள். மாயக் கதைக்குப் புதிய சொல் செய்வது எப்படி என்று பிள்ளைகள் கேட்டால், ரோதமுனியைக் காட்டுங்கள். மின்தூக்கிக்கும் கைத்தொலைபேசிக்கும் ஒரு முனி வராமலா போவார்?

இடப்பெயர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. வந்த கதைகளில் நாடுகளுக்கு ‘டார்க்லாண்ட்’, ‘மிஸ்டிக்கா’ என்றெல்லாம் பெயர். எமது நாட்டு வரைபடத்தை விரித்தால் ஆனையிறவு, பூநகரி, கொக்குவில், சங்குப்பிட்டி, அனலைதீவு. இவற்றில் எது மாயக் கதைப் பெயர் இல்லை? பிட்டி, வில், மடு, முனை, வெளி, தீவு என்ற முடிவுகளை எடுத்து முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் புதிய ஊர் பிறந்துவிடும். நாம் குடியிருக்கும் வெள்ளவத்தையும் வெள்ளை நிறத்தால் வந்த பெயரல்ல. வெல்ல என்றால் சிங்களத்தில் மணல், வத்த என்றால் தோட்டம். மணற்தோட்டம். புகையிரதப் பாதைக்கு அப்பால் கடற்கரையில் நின்று இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் மாறும்.

சரி, தனியாகத் தேட விரும்பும் பிள்ளைகளுக்கு எங்கே வழி? இலங்கைத் தமிழர் அகராதித் துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். மானிப்பாய் அகராதி 1842 இலேயே அச்சாகிவிட்டது, 58,500 சொற்கள். ஜோசப் நைட் பாதிரியார் தொடங்கி வைத்த தமிழ் ஆங்கில அகராதிப் பணியை வின்சுலோ பாதிரியார் முடித்து 1862 இல் சென்னையில் வெளியிட்டார். 67,000 க்கு மேற்பட்ட சொற்கள். அவருடைய துணைவியார் ஹரியற் வின்சுலோ அம்மையார்தான் 1824 இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. வின்சுலோவையும் பேரகராதியையும் சிக்காகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். தாளைப் புரட்ட விரும்புவோருக்கு வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. சங்கம் 1942 இல் தொடங்கியது. ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையில் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தை அங்கே செலவிடலாம்.

அகராதியில் ஒரு நாள் விளையாடினாலே கைநிறையக் கிடைக்கும். பேய்த்தேர் என்றால் கானல் நீர். வெயிலில் தொலைவில் ஓடுகிற, யாரும் ஏறாத தேர். திகைப்பூடு, மிதித்தவர் வழி தெரியாமல் காட்டிலே சுற்ற வைக்கும் செடி. குளிகை, வாயில் இட்டால் வானில் பறக்கச் செய்யும் சித்தர் மாத்திரை. குறளி, ஏவிய வேலையைச் செய்யும் குட்டிப் பேய். முழை, விடர், அளை, மூன்றும் குகை வகைகள். கங்குல், இரவு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த மாதம் இதை வாசித்துவிட்டு, அடுத்த மாதம் “கங்குலில் கழுது முழையினின்றும் போந்தது” என்று எழுதி அனுப்பினால் நான் வாசிக்க மாட்டேன்! நகைகளை எல்லாம் ஒரே நாளில் அணிந்து கலியாண வீட்டுக்குப் போவது போன்றது அது. ஒரு பக்கத்துக்கு ஓர் அரிய சொல் போதும். அதைச் சுற்றி நாம் அன்றாடம் கதைக்கிற சொற்களே இருக்க வேண்டும். சொல்லுக்குப் பொருள் எழுதாமலே பொருள் விளங்க வேண்டும். மேல்மாடிப் பிள்ளை தன் கதையைத் திருத்தி எழுதியபோது, போர்ட்டல் என்று இருந்த இடத்தில் இப்படி எழுதினாள்: மைமல் வந்ததும் படலை தானாகத் திறந்தது, அந்தப் பக்கம் எங்கள் வளவு இல்லை. படலை என்பது முற்றத்து வாசற்கதவு என்று தெரியாத பிள்ளைக்கும் அந்த வரியில் அது விளங்கிவிடும். இதில் பண்டிதச் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டார்க் லோர்டை அவள் இன்னும் விடவில்லை. அது அவளுடைய விருப்பம்.

தாய்மாருக்கு ஒரு வழி சொல்கிறேன். “அம்மா, உங்களுக்குத் தெரிந்த பழைய சொல் ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்டால் எந்த முதியவருக்கும் ஒன்றும் ஞாபகம் வராது. அவர் அகராதி அல்ல. விளக்கு வைக்கும் நேரத்துக்கு என்ன பெயர், அழுகிற பிள்ளையை எதைச் சொல்லி வெருட்டினீர்கள், பனங்கூடலுக்குள் காற்று வந்தால் எப்படிக் கேட்கும், எந்த மரத்தடியால் போக விடமாட்டார்கள், ஏன் என்று கேளுங்கள். சொல் கதையைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். மட்டக்களப்பார் என்றால் விருந்தாளியைப் பாயோடு ஒட்ட வைப்பார்களா என்றும், வாவியில் பாடும் மீனைக் கேட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பிள்ளையையே கேட்க விடுவது இன்னும் நல்லது. பேரப் பிள்ளைக்குச் சொல்வதைப் பிள்ளைக்குச் சொல்ல மாட்டார்கள். இடம்பெயர்ந்து, ஊர் விட்டு ஊர் வந்து, கடைசியில் கொழும்பில் ஓர் அறைக்குள் இருக்கிற முதியவர்கள் அநேகர். அவர்களிடம் யாரும் பயங்கரக் கதை கேட்டு வருடக்கணக்காகியிருக்கும். மருந்து குடித்தாயா என்று மட்டுமே கேட்கிறோம்.

உங்கள் வீட்டில் கிடைத்த சொற்களை ஒரு தபாலட்டையில் எழுதி இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். சொல்லோடு, அதைச் சொன்னவரின் ஊர் எது, எந்த வேளையில் அதைச் சொல்வார்கள் என்பதையும் எழுதுங்கள். குறிப்பாக மன்னார், திருகோணமலை, புத்தளம், மலையகம் பக்கத்துச் சகோதரிகளிடம் ஒரு கேள்வி: பொழுது பட்டு, விளக்கு ஏற்றுவதற்கு இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உங்கள் ஊரில் என்ன சொல்?